மஜ்ஜை மாற்று முடிஞ்சாச்சு, டாக்டர் வெளிய போகலாம்னுட்டார், வீடு விடமாட்டேங்குது

சமயநல்லூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறவன், எழுதுறது இப்பத்தான். வயசு 36. ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய்க்குப் போன வருசம் அக்காகிட்ட ஸ்டெம்செல் (ரத்தம் உருவாக்குற மூல செல்) எடுத்து எனக்கு ஏத்தினாங்க. நூறு நாள் ஆஸ்பத்திரி பக்கத்துலயே ரூம் எடுத்துத் தங்கிட்டுத்தான் ஊருக்கு வந்தோம். நடுவுல தோல்ல கொஞ்சம் ஜிவிஎச்டி வந்துச்சு (குடுத்தவங்க செல் நம்ம ஒடம்பையே தாக்குறது), ஸ்டீராய்டுல அடங்கிருச்சு. எதிர்ப்பு சக்தியை அடக்குற சைக்ளோஸ்போரின் மாத்திரையையும் குறைச்சுக்கிட்டே வந்து இப்ப சுத்தமா நிறுத்தியாச்சு. ரத்த அணுக் கவுண்ட் நல்லா இருக்கு. போன ஓ.பி.யில டாக்டர், "இனிமே பைய பைய பழைய வாழ்க்கைக்குத் திரும்புங்க"ன்னார்.

சொன்னது எனக்கு. அம்மா காதுல அது இன்னும் விழவே இல்ல. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சோறு வடிச்ச சூட்டுலயே சாப்பிட்டு முடிக்கணும். பாக்க வர்றவங்க சன்னலுக்கு வெளிய நின்னு பேசிட்டுப் போறாங்க. மக ஒண்ணாப்பு படிக்கிறா. பள்ளிக்கூடத்துச் சளி எனக்கு ஒட்டிரும்னு அவளை அப்பத்தாகூடவே படுக்க வச்சிருக்காங்க. மனைவி வேலைக்குப் போறவ, அம்மாவை எதிர்த்துப் பேச அவளுக்கும் மனசு இல்ல.

அம்மாவைக் குறை சொல்லல. அவங்க இல்லாட்டி நான் இன்னிக்கு இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். ஆனா தெருமுனை டீக்கடைக்குப் போறதுக்குக்கூட அனுமதி கேட்டு நிக்கிறப்ப மனசு என்னமோ ஆகுது.

நீங்க எல்லாம் எதை முதல்ல ஆரம்பிச்சீங்க, எதைத் தள்ளிப் போட்டீங்க? வீட்டை எப்படிச் சம்மதிக்க வச்சீங்க? சித்திரைத் திருவிழா வேற வருது. வண்டி ஓட்டணும்னு கை துடிக்குது.

வைகைக்கரை

தம்பி, எனக்கு அண்ணன் குடுத்தார். சில வருசம் ஓடிருச்சு, நல்லா இருக்கேன். அம்மாகிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. இந்த வைத்தியம் நேத்து வந்தது இல்ல. மும்பை டாடா மெமோரியல்ல 1983-லயும் வேலூர் சி.எம்.சி.யில 1986-லயும் ஆரம்பிச்சது. பண்ணிக்கிட்டவங்க பேரன் பேத்தி எடுத்து நடமாடுறாங்க.

கவுண்ட் நல்லா இருக்குங்கிறது பாதிச் சேதிதான். நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு சில வாரத்துலயே ஏறிரும். வைரஸோடயும் பூஞ்சையோடயும் மல்லுக்கட்டுற டி-செல்லும், எதிர்ப்புப் புரதம் செய்யிற பி-செல்லும் தேற ஒரு வருசம் ஆகும், பலருக்கு அதுக்கு மேலயும் ஆகும். அதனால "அவர் ஆறாவது மாசமே கல்யாண வீட்டுல சாப்பிட்டாராமே"ன்னு காலண்டரை வச்சுக் கணக்குப் போடாதீங்க. எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரை நின்னுருச்சா, ஸ்டீராய்டு ஓடுதா, ஜிவிஎச்டி எங்கயாச்சும் மிச்சம் இருக்கா, இதைப் பாத்துத்தான் ஒவ்வொரு கதவா திறக்கும். உங்களுக்கு மூணுமே சாதகமா இருக்கு. அதான் டாக்டர் சொல்லியிருக்கார்.

நான் முதல்ல ஆரம்பிச்சது நடை. வெள்ளன, தெருவுல வாசல் கூட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ஆறு மணிக்கு மேல எங்க தெருவுல வரிசையா தொடப்பம் விழும், அந்தப் புழுதிதான் நமக்கு ஆகாது. யாராவது பழைய வீட்டை இடிச்சா அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேன். சுண்ணாம்பும் மண்ணும் கிளம்புற இடத்துல ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை பறக்கும், நுரையீரல்ல உக்காந்தா லேசுல எந்திரிக்காது.

அப்புறம் டீ. கொதிக்கிற டீயில பிரச்சனை இல்ல. ஒரே வாளித் தண்ணியில முக்கி முக்கி எடுக்கிறாங்களே கிளாஸ், அதுதான். வீட்டுல இருந்து சின்ன எவர்சில்வர் டம்ளரைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனேன். மாஸ்டர் ஒண்ணும் கேக்கல. பாய்லர் குழாயைத் திறந்து வெந்நீரால டம்ளரை ரெண்டு சுத்து சுத்திக் கொட்டிட்டு, சர்க்கரை கம்மியா ஒரு டீ போட்டு நீட்டினார். மறுநாள்ல இருந்து என்னைப் பாத்ததும் கை தானா பாய்லருக்குப் போகும். சட்டியில இருந்து அப்பத்தான் எடுத்த வடை சாப்பிட்டேன், சட்னி தொடல. புரோட்டாவும் அப்படித்தான், கல்லுல இருந்து நேரா இலைக்கு வந்தா சரி, கொதிக்கிற சால்னா சரி, மேல தூவுற பச்சை வெங்காயம் வேண்டாம். ஜிகர்தண்டாவுக்கு ரொம்ப நாள் காத்திருந்தேன். அதுல ஐஸ் எந்தத் தண்ணின்னு கடைக்காரருக்கே தெரியாது.

திருநகர்_மதினி

நான் நோயாளி இல்ல, வீட்டுக்காரருக்குத்தான். மைலோமா, அதுவும் ஒரு ரத்தப் புற்றுநோய்தான். அவரோட சொந்த ஸ்டெம்செல்லையே எடுத்து வச்சுத் திரும்ப ஏத்தினாங்க. அதுல ஜிவிஎச்டி பயம் இல்ல, அடக்குற மாத்திரை இல்ல, கட்டுப்பாடும் சீக்கிரம் தளரும். எங்க கணக்கை நீங்க எடுத்துக்காதீங்க. நான் பேச வந்தது உங்க அம்மாவுக்காக.

தம்பி, கவுண்ட் சைபர் ஆகிக் கிடந்த நாள்ல நீங்க அரை மயக்கத்துல இருந்திருப்பீங்க. வெளிய நின்ன எங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. கையைக் கழுவச் சொன்னாங்க, மறுபடி கழுவச் சொன்னாங்க. பழத்தோல்ல இருக்கிற கிருமி போதும், பாத்திரத்துல நிக்கிற சொட்டுத் தண்ணி போதும்னு சொன்னாங்க. உங்க உயிர் எங்க கையில இருக்குன்னு மனசுல பதிய வச்சுத்தான் அனுப்பினாங்க. அதை வாங்கிக்கிட்டு வந்த மனுசிகிட்ட, "அம்மா, அந்தக் காலம் முடிஞ்சது, இனி நீங்க கொஞ்சம் விடலாம்"னு கூப்பிட்டு யாராச்சும் சொன்னாங்களா? டாக்டர் உங்ககிட்ட சொன்னார். நீங்க வந்து சொன்னா அது மகன் ஆசைப்பட்டுப் பேசுற மாதிரிதான் அவங்களுக்குக் கேக்கும்.

அடுத்த ஓ.பி.க்கு அவங்களை வெளிய பெஞ்சுல உக்கார வைக்காம உள்ள கூட்டிட்டுப் போங்க. என்னென்ன பயமோ எல்லாத்தையும் அவங்களே டாக்டர்கிட்ட கேக்கட்டும். எங்க மாமியார் அப்படித்தான் கேட்டாங்க. கரண்டியைக் கூட வெந்நீர்ல போட்டு எடுத்தவங்க, டாக்டர் சொன்ன பிறகு எனக்கு முன்னாடி மாறிட்டாங்க.

ஒண்ணை மட்டும் நீங்க கறாரா வச்சுக்கங்க. தெர்மாமீட்டர். 100.4 தொட்டுச்சுன்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போன். காய்ச்சலை மறைக்கவே மாட்டேன்னு உங்க மேல அவங்களுக்கு நம்பிக்கை வந்துட்டா மத்ததுல தானா தளருவாங்க. எங்க வீட்டுல அப்படித்தான் நடந்துச்சு.

பழைய_வார்டு_சிஸ்டர்

மதினி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. டிஸ்சார்ஜ் அன்னிக்குத் தடைகளை எல்லாம் சொல்லி அனுப்புறோம், தடை நீங்குறப்ப வீட்டாளுங்களைக் கூப்பிட்டுச் சொல்றது குறைவு. நான் வார்டுல இருந்த காலத்துலயும் அப்படித்தான்.

வைகைக்கரை அண்ணன் சாப்பாட்டைப் பத்திச் சொன்னதோட சிலது சேக்குறேன். இட்லி, தோசை மாவு புளிச்சிருந்தாலும் வேகுது, பயமில்ல. தயிர், பழைய சோறு, கடையில அரைச்சு வச்ச தேங்காச் சட்னி, தோலோட கடிக்கிற பழம், இதை எல்லாம் எப்போ தொடலாம்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். உங்க டாக்டர் சொன்னதை மட்டும் கேளுங்க. இதைப் படிக்கிறவங்கள்ல சைக்ளோஸ்போரினோ அதே மாதிரி அடக்குற டாக்ரோலிமஸோ இன்னும் எடுக்கிறவங்க இருந்தா, பம்பளிமாஸ் பழம் தொடாதீங்க, ரத்தத்துல மருந்தோட அளவை ஏத்திவிட்டுரும். சொந்தக்காரங்க பாசத்தோட கொண்டுவர்ற சீந்தில் கொடி, கஷாயம், லேகியம் எதுவும் டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

குழந்தை விசயத்துக்கு வர்றேன். மகளோட ஒண்ணாப் படுக்கிறதுல தப்பில்ல. அவளுக்குச் சளி, காய்ச்சல் இருக்கிற நாள் மட்டும் விலகிக்கங்க. ஆனா ரெண்டு சங்கதி யாரும் சொல்லமாட்டாங்க. ஒண்ணு போலியோ சொட்டு மருந்து. அது உயிருள்ள வைரஸ், குழந்தை மலத்துல சில வாரம் வெளிய வரும். வீட்டுல அஞ்சு வயசுக்குள்ள பிள்ளை இருந்தா, முகாமுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. பிள்ளைக்குப் போலியோ தடுப்பு வேண்டாம்னு அர்த்தம் இல்ல, ஊசியா போடுற போலியோ மருந்து இருக்கு, அதுல இந்தக் கவலை கிடையாது. இன்னொண்ணு அம்மை. வாசல்ல வேப்பிலை கட்டியிருக்கிற வீட்டுக்குள்ள போகாதீங்க. தெரியாம போயிட்டாலோ, மக கிளாஸ்ல யாருக்காச்சும் சின்னம்மை போட்டிருக்குன்னு தெரிஞ்சாலோ அன்னிக்கே போன் பண்ணுங்க. உடனே சொன்னா மருந்து இருக்கு, கொப்புளம் வந்த பிறகு சொன்னா சிரமம். இந்த வைரஸைத் தடுக்கக் குடுக்கிற அசைக்ளோவிர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

சின்ன வயசுல போட்ட தடுப்பூசி எல்லாம் உங்களுக்கு இப்ப இல்லாத கணக்குதான். திரும்ப முதல்ல இருந்து போடணும். நிமோனியா, ஃப்ளூ ஊசி எல்லாம் பொதுவா முதல் வருசத்துக்குள்ளயே தொடங்கிரும். தட்டம்மை, சின்னம்மைக்குப் போடுற உயிருள்ள ஊசி மட்டும் ரெண்டு வருசம் கழிச்சு, ஜிவிஎச்டியும் அடக்குற மாத்திரையும் இல்லாதவங்களுக்குத்தான்.

உசிலம்பட்டி_பூக்காடு

எனக்கு அப்ளாஸ்டிக் அனீமியா, மஜ்ஜை ரத்தம் செய்யிறதையே நிறுத்திரும். தங்கச்சி குடுத்துச்சு. நமக்கு மல்லிகைதான் பொழப்பு. மாற்று முடிஞ்சு வந்ததும் டாக்டர் மண்ணு, உரம், தோட்டம் ஆறு மாசத்துக்கு ஆகாது, மாத்திரை ஓடுறவரைக்கும் ஆகாதுன்னுட்டார். விவசாயிகிட்ட மண்ணைத் தொடாதேன்னா என்ன செய்ய? வரப்பு ஓரமா நாற்காலி போட்டு உக்காந்து அடுத்தவங்க பறிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். வீட்டுக்குள்ள படுத்துக் கிடந்ததைவிட அது கஷ்டமா இருந்துச்சு.

மாத்திரை நின்ன பிறகு கேட்டுக்கேட்டுப் போனேன். முதல்ல பூப்பறிக்க மட்டும். அதுல மண்ணைக் கிளற வேண்டியதில்ல. வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டைப் பறிச்சு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிறணும், அதனால வெயிலும் மேல படாது. தோல்ல ஜிவிஎச்டி வந்தவங்களுக்கு வெயில் பட்டா திரும்பக் கிளப்பிவிடும், சமயநல்லூர்த் தம்பி இதை மனசுல வச்சுக்கங்க. முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, மூக்குக்கு என்-95. மருந்தடிச்ச மறுநாள் காட்டுக்குள்ள இறங்கமாட்டேன்.

முதல் நாள் பறிச்சப்ப விரல் மறந்துபோயிருந்துச்சு. காம்பை நகத்துல கிள்ளி அப்படியே உள்ளங்கைக்குத் தள்ளணும், அது வரல, மொட்டு நசுங்குச்சு. ரெண்டு செடி தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு. பக்கத்து நிரையில எங்க பெரியம்மா, "போதும்டா, உக்காரு"ன்னாங்க. உக்காரல. அந்த நிரையை முடிச்சுட்டுத்தான் வெளிய வந்தேன். மறுநாள் முழுக்கப் படுக்கைதான். இந்த அசதி எல்லாருக்கும் வரும், வந்தா பயப்படாதீங்க. ரத்தம் தேறுன பிறகும் ஒடம்பு தேற ரொம்ப நாள் எடுக்குது.

கொத்துறது, தொழு உரம் போடுறது, வைக்கோல் படப்புல கை வைக்கிறது இதெல்லாம் இப்பவும் செய்யல. மக்குன வைக்கோலைப் பிரிச்சா பூஞ்சை புகை மாதிரி கிளம்பும். அதுக்கு ஆள் விட்டாச்சு.

மேலூர்_அப்பா

எல்லாரும் தைரியம் சொல்றீங்க. நான் கொஞ்சம் பிரேக் போடுறேன், கோவிச்சுக்காதீங்க.

என் மகனுக்குத் தலசீமியா, பிறவியிலயே வர்ற ரத்தக் கோளாறு. சின்னவன் குடுத்து மாற்று நடந்துச்சு. எல்லாம் நல்லா போயிட்டு இருந்தப்ப, நாலாவது மாசம் சாதாரண சளியா ஆரம்பிச்சது நெஞ்சுக்குள்ள இறங்கி, திரும்ப ஐ.சி.யு. வரைக்கும் போயிட்டு வந்தோம். எங்க இருந்து ஒட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் அவன் இருமினாலே எனக்கும் அவங்கம்மாவுக்கும் தூக்கம் போயிரும்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருசம் கழிச்சு, மாத்திரை நின்ன பிறகுதான் அனுப்பினோம். முதல் வாரம் காலையில மட்டும். ஹெட்மாஸ்டர்கிட்ட போய், கிளாஸ்ல எந்தப் பிள்ளைக்கு அம்மை வந்தாலும் உடனே எனக்குச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு ஃபுட்பால் விளையாடுறான். அதனால வெளிய போகவே கூடாதுன்னு சொல்லல. ஆனா சித்திரைத் திருவிழான்னு எழுதுனதைப் படிச்சதும் வயித்தைப் பிசையுது. லட்சக்கணக்குல கூட்டம். இந்த வருசம் மட்டும் வேண்டாம் தம்பி.

வைகைக்கரை

மேலூர் அண்ணன் சொல்றதுல நான் மாறுபடல. ஆத்துக்கு இறங்கக் கூடாது. கூட்டத்தோட இன்னொரு சங்கதியும் இருக்கு. அழகர் மேல தண்ணி பீய்ச்சுறாங்கள்ல, அந்தத் தோல்பைத் தண்ணி எந்தக் குழாயில பிடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? அது மூக்குலயும் வாயிலயும் படுற இடத்துல நமக்கு வேலை இல்ல.

ஆனா திருவிழாவே வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். மாற்று முடிஞ்ச அடுத்த சித்திரையில புதூர்ல சொந்தக்காரங்க வீட்டு மாடியில இருந்து பாத்தேன். அழகர் மலையில இருந்து இறங்கி மூன்றுமாவடி, புதூர் வழியாத்தான் தல்லாகுளம் வர்றார். மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்னு நின்னு வருவார். மாடியில கைப்பிடிச் சுவர் ஓரமா, மாஸ்க் போட்டுக்கிட்டு, காத்தாட. கீழ இருந்து "கோவிந்தா" சத்தம் எழும்பி வந்தப்ப அழுதுட்டேன். மீனாட்சி கோயிலுக்குப் போகணும்னா திருவிழா எல்லாம் ஓய்ஞ்சு ஒரு சாதாரணக் கிழமையில விடியக்காலம் போங்க, ஆடி வீதி வெறிச்சுன்னு இருக்கும், நடக்குறதுக்கு அதைவிட நல்ல இடம் மதுரையில இல்ல. புறா கூட்டமா அடையுற மூலையை மட்டும் தவிர்த்துருங்க, அதோட எச்சத்துலயும் பூஞ்சை இருக்கு.

கூடல்நகர்_தோழி

இந்த இழையில பொம்பளைங்க கேள்வியும் ஒண்ணு இருக்கட்டும். பூ வைக்கலாமா? நான் கேட்டப்ப, ஆரம்ப மாசங்கள்ல வேண்டாம்னாங்க. ஈரப் பூவுலயும் பூ நனைச்ச தண்ணியிலயும் கிருமி இருக்கும். மாத்திரை நின்ன பிறகு சரின்னுட்டாங்க. ஆனா அப்ப வைக்க முடி இல்ல. காதுக்கு மேல ஹேர்பின்ல ஒரு சின்னத் துண்டு குத்திக்கிட்டுத்தான் கடைத்தெருவுக்குப் போனேன், தனியா, யாரும் கூட வராம. ஆஸ்பத்திரியில சேந்த நாள்ல இருந்து ஒரு மணி நேரம்கூட நான் தனியா இருந்ததில்ல. எனக்குத் திரும்பக் கிடைச்சதுலயே பெருசு அதுதான்.

இன்னொண்ணையும் வெளிப்படையா எழுதுறேன். மாற்றுக்கு முன்னாடி குடுக்கிற கடுமையான கீமோவுல பலருக்கு மாதவிடாய் நின்னுபோயிரும். சின்ன வயசுலயே ஒடம்பு சூடாகும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், எலும்பு பலம் குறையும், புருசன் பொண்டாட்டி உறவுல வலி இருக்கும். ரத்த டாக்டர் கேக்கமாட்டார், நாமளும் கூச்சப்பட்டுச் சொல்லமாட்டோம். மகப்பேறு டாக்டரைப் போய்ப் பாருங்க, இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு. கண்ணுல மண் விழுந்த மாதிரி உறுத்துனா அதையும் சொல்லுங்க. ஜிவிஎச்டி கண்ணீரை வத்த வச்சிரும். எனக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில பாத்துச் சொட்டு மருந்து குடுத்த பிறகுதான் ஸ்கூட்டர்ல காத்துக்கு எதிரா கண்ணைத் திறக்க முடிஞ்சுச்சு.

சமயநல்லூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. மதினி சொன்னபடி இந்த ஓ.பி.க்கு அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போனேன்.

முதல்ல பேசவே இல்ல. டாக்டர் நாற்காலியை அவங்க பக்கம் திருப்பிப் போட்டு, "நீங்க சொல்லுங்கம்மா, என்ன பயம்?"னு கேட்டார். அப்புறம் நிறுத்தவே இல்ல. தட்டு, டம்ளர், தயிர், கோழிக்கறி, துவைக்கிற துணி, பேத்தி. பேத்தியைப் பத்திக் கேக்குறப்ப மட்டும் குரல் உடைஞ்சுபோச்சு. "நான் தள்ளி வச்சதால பிள்ளை அப்பனை மறந்துட்டா என்ன செய்யிறது சாமி"ன்னு கேட்டுட்டாங்க. அவங்க மனசுல அது இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தட்டைச் சேத்துக் கழுவலாம், சளி இல்லாத நாள்ல பிள்ளை கூடவே படுக்கட்டும், தயிருக்கு அடுத்த செக்கப் வரைக்கும் பொறுங்கன்னு டாக்டர் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னார். ஆத்துக்கு இறங்க வேண்டாம்னு அவரும் சொல்லிட்டார். மேலூர் அண்ணே, நீங்க நிம்மதியா தூங்கலாம். புதூர் மாடி மாதிரி ஒரு இடம் தேடிக்கிட்டு இருக்கேன்.

மக ராத்திரி என் கை மேல தலை வச்சுத்தான் தூங்குறா. காலையில கை மரத்துப்போகுது, எடுக்க மனசு வரல.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். வண்டி? டாக்டர் "ஓட்டலாம், பாத்து"ன்னு மட்டும் சொன்னார்.

பழைய_வார்டு_சிஸ்டர்

ரொம்ப சந்தோசம் தம்பி. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

வண்டிக்கு முன்னாடி தொடையைப் பாருங்க. ஸ்டீராய்டு எடுத்தவங்களுக்குத் தொடைச் சதை கரைஞ்சிருக்கும். கையை ஊனாம தரையில இருந்து எந்திரிக்க முடியுதா? முடியலன்னா வண்டி சாயுறப்ப கால் தாங்காது, இன்னும் கொஞ்ச நாள் மாடிப்படி ஏறிப் பழகுங்க. கை நடுக்கம் மாத்திரை நின்னதும் குறைஞ்சிருக்கணும், அதையும் பாத்துக்கங்க. முதல்ல ஊருக்குள்ள, போக்குவரத்து இல்லாத நேரத்துல. மாட்டுத்தாவணிப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

பர்ஸ்ல ஒரு சீட்டு கண்டிப்பா இருக்கணும். அக்கா ரத்த வகை வேற, உங்களது வேறன்னா, இப்ப உங்க ரத்தம் அக்கா வகைக்கு மாறியிருக்கும். லைசென்ஸ்ல பழசுதான் இருக்கும். அதனால மாற்று நடந்த தேதி, இப்போதைய ரத்த வகை, ரத்தம் ஏத்துறதா இருந்தா கதிர்வீச்சு செஞ்ச ரத்தம்தான் ஏத்தணும்ங்கிற குறிப்பு, ஆஸ்பத்திரி போன் நம்பர், எல்லாம் டாக்டர்கிட்டயே எழுதி வாங்கி லேமினேட் பண்ணி வச்சுக்கங்க. ஒரு காப்பி அம்மாகிட்டயும் குடுங்க.

அப்புறம் ஹெல்மெட். ஒரு வருசமா மூலையில கிடந்ததை எடுத்து மாட்டாதீங்க, உள் பஞ்சுல பூஞ்சை பிடிச்சிருக்கும். புதுசு வாங்கிருங்க.